உடம்பு முடியாமல் நீண்ட விடுப்பில் போனால் வேலை என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக்குத் தெற்கே ஒரு நூற்பாலையின் டைம் ஆபீசில் 22 ஆண்டுகள் இருந்தேன். யார் வந்தார், யார் வரவில்லை என்று வருகைப் பதிவேட்டில் குறிப்பதுதான் என் வேலை. ஓய்வுபெற்ற பிறகு, நோயில் விழுந்து வேலை போய்விடுமோ என்று பயந்து வருகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கடிதமும் மனுவும் எழுதிக் கொடுக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

சம்பளம்கூட வேண்டாம், குணமாகித் திரும்பும்வரை வேலையைப் பிடித்துவைத்தால் போதும். அப்படி ஒரு விடுப்பு சட்டத்தில் உண்டா?

எல்லாத் தொழிலாளருக்கும் பொதுவாக, "இத்தனை வாரம் நீ போய் வா, உன் இடம் உனக்கே" என்று சொல்லும் ஒரே சட்டம் நம் நாட்டில் இல்லை. அதனால் பாதுகாப்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அது துண்டு துண்டாகப் பல சட்டங்களில் கிடக்கிறது. அரசு ஊழியருக்கு ஒரு விதி, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கப்படும் தொழிலாளிக்கு இன்னொன்று, மாசி வீதிக் கடையில் நிற்கும் பெண்ணுக்கு வேறொன்று. உங்கள் துண்டு எது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

நோய் என்று தெரிந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சிகிச்சை தொடங்கும் நாளிலேயே, முடிந்தால் அதற்கு முன்பே. இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

எங்கள் ஆலையில் நூல் நூற்கும் ரிங் பிரேம் பகுதியில் ஒருவர் வேலை பார்த்தார். ஒரு நாள் காலை ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் அவருடைய மகன் பள்ளிச் சீருடையோடு கேட்டில் வந்து நின்றான். அப்பாவுக்கு நெஞ்சில் கோளாறு, ஆஸ்டின்பட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், வர ஒரு மாதம் ஆகும் என்றான். சரி என்று தலையாட்டினேன். பையன் பள்ளிக்குப் போய்விட்டான். ஆனால் வாயால் சொன்னதை ஒட்டிவைக்கப் பதிவேட்டில் இடம் கிடையாது. விடுப்புக் கடிதம் இருந்தால் நீல மையில் "எல்" (லீவு) போடுவோம். இல்லையென்றால் சிவப்பு மையில் "ஏ" (ஆப்சென்ட்). அவர் பெயருக்கு நேரே நான் சிவப்பு மையில்தான் குறித்தேன். பத்து நாள் கழித்து, விளக்கம் கேட்டு நிர்வாகம் அனுப்பிய நோட்டீஸ் "வீடு பூட்டப்பட்டுள்ளது" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அவர் கட்டிலில் கிடந்தார், மனைவி பக்கத்தில் இருந்தார், வீடு எப்படித் திறந்திருக்கும்? பெயரை நீக்கிவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து, காசநோய் முழுக்கக் குணமாகிச் சான்றிதழோடு வந்து கேட்டில் நின்றார். உள்ளே விடவில்லை. அந்தப் பையன் கையில் நாலு வரி எழுதிய ஒரு தாள் இருந்திருந்தால் நான் நீல மைப் பேனாவை எடுத்திருப்பேன். தாள் கொண்டுவா என்று நானாவது அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தச் சிவப்புக் கோடுதான் இன்று என்னைத் திண்ணையில் உட்காரவைத்திருக்கிறது.

ஆகவே கடிதம், மருத்துவச் சான்று, இரண்டின் நகல். நேரில் கொடுத்தால் நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் தபாலில் அனுப்புங்கள். 2025 செப்டம்பர் முதல் பதிவுத் தபால் தனியாக இல்லை, ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. ஸ்காட் ரோடு தலைமைத் தபால் நிலையத்திலோ உங்கள் ஊர்த் தபால் நிலையத்திலோ ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை மருத்துவச் சீட்டுகளோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை நீண்டால், பழைய விடுப்பு முடிவதற்கு முன்பே நீட்டிப்புக் கடிதம் போய்ச் சேர வேண்டும். முதல் கடிதத்தை ஒழுங்காகக் கொடுத்துவிட்டு இரண்டாவதை மறந்தவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

ஜவுளிக்கடையில் வேலை. எனக்கு என்ன உண்டு?

உங்களுக்கானது 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். ஆண்டுக்குச் சம்பளத்தோடு 12 நாள் சுகவீன விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு இன்னொரு 12 நாள் சம்பள விடுப்பு. ஆக 36 நாள். கீமோதெரபிக்கு 21 நாளுக்கு ஒருமுறை பாலரெங்காபுரம் புற்றுநோய் மையத்துக்குப் போய் வருகிறவருக்கு இதுவே பெரிய கைத்தாங்கல். ஒவ்வொரு சுற்றுக்கும் நாலைந்து நாளாகப் பிரித்து எடுக்கலாம்.

இதைவிடப் பெரியது அதே சட்டத்தின் 41ஆம் பிரிவு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை, நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீசோ அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்காமலும் நீக்கக் கூடாது. நீக்கினால் தொழிலாளர் துறையிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் கால வரம்பு உண்டு. தீபாவளி வியாபாரம் முடிந்ததும் முதலாளியே கூப்பிடுவார் என்று காத்திருந்து நாளைக் கோட்டைவிட்டவர்கள் இருக்கிறார்கள். வேலையில்லை என்று எழுத்தில் வந்த அந்த வாரமே மனு போட்டுவிடுங்கள்.

இந்தச் சட்டங்கள் எல்லாம் பெரிய கடைகளுக்குத்தானே என்று கேட்கிறார்கள். ஐந்து பேர் வேலை செய்யும் பாத்திரக்கடைக்கும் 41ஆம் பிரிவு பொருந்தும்.

இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். அதில் என்ன கிடைக்கும்?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்வரை உள்ளவர்களுக்கு (மாற்றுத்திறனாளி என்றால் 25,000) இ.எஸ்.ஐ. உண்டு. சம்பளத்தில் உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். தத்தனேரி ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கும் அட்டை என்று மட்டுமே பலர் இதை நினைக்கிறார்கள். விடுப்புக் காலத்துக்குப் பணம் தருவதும் இதே அட்டைதான்.

ஏப்ரல் முதல் செப்டம்பர்வரையுள்ள ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா செலுத்தியிருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன்வரை நோய்க்கால உதவி பெறலாம். அக்டோபர் முதல் மார்ச்வரை செலுத்தியது ஜூலை முதல் டிசம்பர்வரைக்கு. ஆண்டுக்கு 91 நாள்வரை, சராசரி தினக்கூலியில் 70 சதவீதம். தினம் 500 ரூபாய் சம்பளம் என்றால் 350 ரூபாய். 91 நாளும் எடுத்தால் 31,850 ரூபாய். வீட்டு வாடகையும் அரிசியும் நிற்காமல் ஓடும்.

காசநோய், தொழுநோய், புற்றுநோய், பக்கவாதம், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, கடும் மனநோய் போன்ற 34 நீண்டகால நோய்களுக்கு 91 நாளோடு நின்றுவிடாது. சம்பளத்தில் 80 சதவீதம் என்ற கணக்கில் இரண்டு ஆண்டுவரை நீட்டிக்க முடியும். அதற்கு இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும், அதற்கு முந்தைய நான்கு ஆறுமாதச் சந்தாக் காலங்களில் 156 நாள் சந்தா போயிருக்க வேண்டும்.

முதல் சான்று, இடைச் சான்று, இறுதிச் சான்று என்று இ.எஸ்.ஐ. மருத்துவர் தரும் மூன்றையும் தவறாமல் வாங்குங்கள். இடைச் சான்று ஒன்று விட்டுப்போனால் நடுவில் ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டையைத்தான் நிர்வாகம் "சொல்லாமல் வராத நாள்" என்று எழுதும்.

அந்தக் காலத்தில் என்னை வேலையிலிருந்து நீக்கலாமா?

1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம் 73ஆம் பிரிவில் இதைத் தெளிவாகத் தடுத்தது: நோய்க்கால உதவி வாங்கும் நாட்களில் நீக்கவோ, பதவி இறக்கவோ, தண்டிக்கவோ கூடாது, அப்போது கொடுத்த நீக்க நோட்டீஸ் செல்லாது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, இ.எஸ்.ஐ. சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. அந்தத் தேதிக்கு முன்பு நீக்கப்பட்டவர்கள் பழைய பிரிவைச் சொல்லியே வாதாடலாம். அதன் பிறகு நடந்த நீக்கத்துக்கு மனு எழுதும்போது, பழைய பிரிவு எண்ணை மனப்பாடமாக எழுதாமல், சங்கத்திடமோ வழக்கறிஞரிடமோ புதிய தொகுப்பை வைத்து எழுதிவாங்குங்கள். கடைகள் சட்டம் மாநிலச் சட்டம். இந்த மாற்றத்தால் அது போய்விடவில்லை.

"அவராகவே வேலையை விட்டுவிட்டார்" என்று சொல்கிறார்கள். செல்லுமா?

ஆலைகளின் நிலையாணைகளில் (வேலை விதிகளின் தொகுப்பில்) ஒரு வரி இருக்கும்: விடுப்பு முடிந்து எட்டு நாளுக்குள் திரும்பாவிட்டால் வேலையின் மீதுள்ள உரிமை போய்விடும். எங்கள் ஆலையிலும் அதைத்தான் காட்டினார்கள். ஆனால் உச்ச நீதிமன்றம் 1993இல் டி.கே.யாதவ் வழக்கில் சொல்லிவிட்டது: நிலையாணையில் அப்படி எழுதியிருந்தாலும், தொழிலாளிக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பும் விசாரணையும் கொடுக்காமல் பெயரை நீக்க முடியாது. 2012இல் கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கில் இன்னொன்றும் சொன்னது. வராமல் இருந்தது வேண்டுமென்றே செய்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். நோய், விபத்து போன்ற கட்டாயத்தால் வராமல் இருந்தால் அது ஒழுங்கீனம் ஆகாது.

ரிங் பிரேம்காரரின் பெயரை நீக்கியபோது இந்த 1993 தீர்ப்பு வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் அது தெரியாது. அவருக்கும் தெரியாது.

"நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுங்கள், குணமானதும் மறுபடி எடுத்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். எழுதலாமா?

எழுதாதீர்கள். யார் சொன்னாலும், எவ்வளவு அன்பாகச் சொன்னாலும்.

முதலாளி நல்லவராகவே இருக்கலாம், சொல்வதை மனதாரச் சொல்லலாம். ஆனால் நீங்கள் திரும்பி வரும்போது மேனேஜர் மாறியிருப்பார், உங்கள் இடத்தில் வேறொருவர் நின்றிருப்பார். கையில் இருப்பது "சொந்தக் காரணங்களுக்காக" என்று நீங்களே கையெழுத்திட்ட தாள். எந்த நீதிமன்றத்தில் அதை நீட்டினாலும் அது முதலாளி பக்கம்தான் பேசும். விடுப்பில் இருப்பவருக்கு நோய் நீண்டாலும் பணித்தொடர்ச்சி அறுவதில்லை, பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டிக்கு) அந்த ஆண்டுகள் சேரும். பணிக்கொடைக்கு ஐந்து ஆண்டு முடிய வேண்டும் என்ற நிபந்தனை, இறப்பாலோ உடல் இயலாமையாலோ வேலை முடிந்தால் கிடையாது. ஆனால் ராஜினாமா என்று எழுதிவிட்டால், இயலாமைதான் காரணம் என்று பிறகு நிரூபிக்க வேண்டிய பாரம் உங்கள் தலையில் வந்து விழும். பி.எப். சந்தாதாரர் பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய்வரை காப்பீடு உண்டு. சாவைப் பற்றிப் பேசுகிறேனே என்று கோபப்படாதீர்கள். கணவரின் ராஜினாமாக் கடிதத்தின் நகலோடு என் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு தங்கையிடம், இறந்தபோது அவர் பணியில் இல்லை, அதனால் அந்தப் பணம் வராது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? அது ஏற்கப்பட்டதாகக் கடிதம் வருவதற்குள், திரும்பப் பெறுகிறேன் என்று இன்றே எழுதி அனுப்புங்கள்.

நான் அரசு ஊழியர். எனக்கு எவ்வளவு காலம்?

நீங்கள் கேட்ட "சம்பளமில்லாத, ஆனால் வேலை உள்ள" விடுப்பு உங்களுக்கு உண்மையாகவே இருக்கிறது. ஈட்டிய விடுப்பு, மருத்துவச் சான்றின் பேரிலான விடுப்பு எல்லாம் தீர்ந்தபின் வருவது ஊதியமில்லா அசாதாரண விடுப்பு. மாநில அரசு ஊழியருக்கு மருத்துவச் சான்று விடுப்பே முழுப் பணிக்காலத்துக்கும் 540 நாள்வரை, பணியாண்டுகளுக்கு ஏற்பப் படிப்படியாக உண்டு. அசாதாரண விடுப்பில் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள்: "மருத்துவச் சான்றின் பேரில்" என்ற சொற்கள் ஆணையிலும் பணிப்பதிவேட்டிலும் இருக்க வேண்டும். ஊதிய உயர்வையும் ஓய்வூதியத்தையும் கணக்கிடும்போது அந்தச் சொற்களைத்தான் தேடுவார்கள்.

பக்கவாதம் வந்தது. பழைய வேலையைச் செய்ய முடியாது என்று அனுப்பப் பார்க்கிறார்கள்.

அரசு அலுவலகம், அரசு நிறுவனம், போக்குவரத்துக் கழகம் போன்றவற்றில் வேலை என்றால் அனுப்ப முடியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. அவரால் செய்யக்கூடிய வேறு வேலையை அதே சம்பள விகிதத்தில் கொடுக்க வேண்டும். அப்படி வேலை இல்லையென்றால், கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை கூடுதல் பணியிடம் உருவாக்கி அதில் வைக்க வேண்டும். கண் பார்வை குறைந்த பஸ் டிரைவருக்கு டெப்போவில் வேறு வேலை கேட்பது பிச்சை அல்ல, உரிமை. ஒத்தக்கடையில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளைக்கு இப்படிப்பட்ட வழக்குகள் புதிதல்ல.

தனியார் நிறுவனத்தில் இந்தப் பிரிவு இவ்வளவு தூரம் கைகொடுக்காது. அங்கே தொழிலாளியை மருத்துவக் காரணத்தால் நீக்கினால் அது ஆட்குறைப்புக் கணக்கில்கூட வராது. "தொடர்ந்த உடல்நலக் குறைவு" என்று சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. இது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். நோய்க்காக நீக்கும்போதுதானே இழப்பீடு அதிகம் தேவைப்படுகிறது?

என்ன நோய் என்று சொல்லியே ஆக வேண்டுமா?

விடுப்புக் கடிதத்தில் "தீவிர சிகிச்சையில் இருக்கிறேன், மருத்துவச் சான்று இணைத்துள்ளேன்" என்பது போதும். நோயின் பெயரைக் கடை முழுக்கத் தெரியும்படி எழுத வேண்டியதில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குத் தனிச் சட்டமே 2017இல் வந்து, 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நோயைக் காரணம் காட்டிப் பாகுபாடாக வேலையிலிருந்து நீக்குவதை அது தடைசெய்கிறது. காசநோயைக் கேட்டதும் பக்கத்தில் உட்கார மறுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒழுங்காக மருந்து சாப்பிடத் தொடங்கிய சில வாரங்களிலேயே பெரும்பாலானவர்களிடமிருந்து நோய் பரவுவது நின்றுவிடுகிறது.

இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவில் அமெரிக்கக் கம்பெனியில் வேலை. அவர்கள் நாட்டுச் சட்டப்படி 12 வாரம் எனக்கும் உண்டா?

இல்லை. அமெரிக்காவின் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் 1993இல் வந்தது. 12 மாதத்தில் 12 வாரம், சம்பளமில்லாமல், திரும்பினால் அதே வேலை அல்லது அதற்குச் சமமான வேலை. ஆனால் அது அமெரிக்க மண்ணில் வேலை செய்பவருக்கு மட்டும். தலைமையகம் எங்கே இருந்தாலும் மதுரையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு நம் சட்டம்தான். உங்கள் பணி நியமனக் கடிதத்தையும் கம்பெனியின் விடுப்புக் கொள்கையையும் எடுத்துப் படியுங்கள். பல கம்பெனிகள் சட்டம் கேட்பதைவிட அதிகமாகவே எழுதிவைத்திருக்கின்றன.

என் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். எனக்கு பைபாஸ் ஆபரேஷன். அவன் அந்த விடுப்பில் வர முடியுமா?

முடியும். பெற்றோரின் தீவிர நோய்க்கும் அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது, பெற்றோர் மதுரையில் இருந்தாலும். அவர் வேலை செய்யும் இடத்தைச் சுற்றி 75 மைலுக்குள் கம்பெனிக்கு 50 ஊழியர் இருக்க வேண்டும். அவர் அங்கே 12 மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும், கடைசி 12 மாதத்தில் 1,250 மணி நேரம் உழைத்திருக்க வேண்டும். முன்பே தெரிந்த ஆபரேஷன் என்றால் 30 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். இங்குள்ள மருத்துவர் தரும் சான்றை அங்கே ஏற்பார்கள், தேதியும் எத்தனை நாள் துணை தேவை என்பதும் தெளிவாக இருக்கட்டும். மருமகனுக்கு இது கிடைக்காது. மாமனார், மாமியார் அந்தச் சட்டத்தின் கணக்கில் பெற்றோர் இல்லை.

குணமாகித் திரும்பும்போது?

உடல் தகுதிச் சான்று வாங்கிக்கொண்டு போங்கள். முழுதாகத் தேறவில்லை என்றால் "ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது", "இரவு ஷிப்ட் வேண்டாம்" என்று மருத்துவரையே எழுதித் தரச் சொல்லுங்கள். ஜவுளிக்கடையில் நிற்பவர்களுக்கு இன்னொன்று: கடைகளில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. ஆபரேஷன் முடிந்து வந்தவர் நாற்காலி கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

கேட்டில் உள்ளே விடவில்லை என்றால் சண்டை போடாதீர்கள். "இன்று காலை இத்தனை மணிக்கு வேலைக்கு வந்தேன், அனுமதிக்கப்படவில்லை" என்று அன்றைக்கே எழுதித் தபாலில் அனுப்புங்கள்.

வீட்டு வேலை செய்கிறேன். கூலி வேலைக்குப் போகிறேன். எனக்கு?

வேலையைப் பிடித்துவைக்கும் சட்டம் உங்களுக்கு இல்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நாக்கு கூசுகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம்வரை சிகிச்சை கிடைக்கும். அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்து, புதுப்பித்து வையுங்கள். காசநோய் என்றால் சிகிச்சைக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி வங்கிக் கணக்குக்கு வரும், கேட்டு வாங்குங்கள்.

கடிதம் எப்படி எழுதுவது?

நான் எழுதிக் கொடுப்பது இவ்வளவுதான்:

"ஐயா, நான் தங்கள் நிறுவனத்தில் இந்தத் தேதி முதல் இந்தப் பிரிவில் வேலை செய்து வருகிறேன். எனக்கு உடல்நலம் பாதிக்கப்பட்டு இந்த மருத்துவமனையில் சிகிச்சையில் இருக்கிறேன். மருத்துவர் இந்த நாள் முதல் இந்த நாள்வரை ஓய்வு தேவை என்று சான்று அளித்துள்ளார். சான்றின் நகல் இணைத்துள்ளேன். அந்த நாட்களுக்கு விடுப்பு அளிக்கவும். சம்பள விடுப்பு மீதம் இல்லையென்றால் சம்பளமில்லா விடுப்பாக அனுமதிக்கவும். நான் வேலையை விடவில்லை. குணமானதும் பணிக்குத் திரும்புவேன். சிகிச்சைக் காலத்தில் எனக்குக் கடிதம் அனுப்ப வேண்டிய முகவரி கீழே உள்ளது."

கடைசி மூன்று வரிகளை எதற்காகவும் விட்டுவிடாதீர்கள். முகவரியில், ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களில் யார் வீட்டில் கதவு திறந்திருக்குமோ அந்த வீட்டு முகவரியைக் கொடுங்கள்.